மித்ராவின் லாகின்

பெருக்கித் துடைக்கிறவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் வைஃபை கிடையாது. படிக்கிற பிள்ளைகளுக்கு உண்டு. பாடம் நடத்துகிறவர்களுக்கு உண்டு. வாசலில் உட்கார்ந்து கார் நம்பர் எழுதுகிற செக்யூரிட்டிக்குக்கூட உண்டு. கான்ட்ராக்டில் வந்த ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு மட்டும் இல்லை. அவர்களும் அதை ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை.

ராஜத்துக்குத்தான் அது தேவைப்பட்டது. தினமும் விடிவதற்குள் கோலார் தங்க வயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள் அவள். வீட்டில் புருஷன் சம்பங்கி தனியாக இருந்தார். பதினேழு வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் உள்ளே போன கல்தூசி அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டுத்தான் கிளம்புவாள் என்றாலும், மதியம் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தால்தான் ராஜத்துக்குச் சோறு இறங்கும். வெறுமனே பேசினால் "நல்லா கீறேன், நீ துன்னு" என்பார். உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா இல்லையா என்பது வீடியோவில்தான் தெரியும்.

பெண்கள் சாப்பிடுவதற்கு விட்டிருந்த இடம் லைப்ரரிக் கட்டடத்தின் தரைக்குக் கீழே, மாடிப்படி முடிகிற மூலை. அங்கே டவர் கிடைக்காது. மேலே வந்து பேசினால் சூப்பர்வைசர் நரேஷ் கத்துவான். ராஜத்தின் ஒரே மகள் சங்கமித்ரா அதே பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். ஒருநாள் மதியம் அம்மாவைப் பார்க்கப் படியிறங்கி வந்தவள், அம்மா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்வதைப் பார்த்து நின்றாள். பிறகு போனை வாங்கித் தன் பதிவு எண்ணை அடித்தாள், பாஸ்வேர்டைப் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் சம்பங்கி கட்டிலில் சாய்ந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது.

"அது இன்னாடி பாஸ்வேர்டு?"

"நைனா பேரு, அப்புறம் அவரு டோக்கன் நம்பரு."

சுரங்கத்துக்குள் இறங்கும்போது கையில் கொடுக்கிற பித்தளை டோக்கனின் நம்பர். ராஜத்துக்கு அது மனப்பாடம்.

"வேற யாருக்கும் போட்டுக் குடுத்துறாதம்மா. என் பேர்லதான் எல்லாம் பதிவாகும்."

ராஜம் தலையாட்டினாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கூட வேலை செய்கிற மரியாவின் மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய முதலாளியம்மா மதியத்தில் அரை மணி நேரம் மட்டும் போனைக் கையில் கொடுப்பாள். அந்த அரை மணி நேரமும் மரியா தரைக்குக் கீழே டவர் இல்லாத மூலையில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை ராஜத்தால் பார்க்க முடியவில்லை. மரியாவுக்குப் போட்டுக் கொடுத்தாள். மரியாவுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? மூன்று மாதத்தில் மித்ராவின் லாகின் ஏழு போன்களில் இருந்தது.

ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முனியப்பன் செத்துப்போனான்.

முனியப்பனும் தங்க வயல்காரன், மைசூர் மைன்ஸ் பக்கம் இருந்தவன். அதே கான்ட்ராக்ட் கம்பெனியில் பிளம்பிங் வேலை. இவர்களோடு அதே ரயிலில் வந்து போவான். அவரைக்காய்க் காலத்தில் பை நிறைய வாங்கிவந்து, பெண்கள் பேசிக்கொண்டே உரிக்கட்டும் என்று நடுவில் கொட்டிவிட்டு ஜன்னலோரம் தூங்கிவிடுவான். அன்றைக்கு லைப்ரரிக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. இயந்திரம் கொண்டுவரச் சொன்னால் சாயங்காலம் ஆகும். ஆடிட்டோரியத்தில் ஏதோ விழா. நரேஷ் அவனை இறங்கச் சொன்னான். இறங்கியவன் ஏறவில்லை.

அந்த நேரம் ராஜம் மூன்றாவது மாடியில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே கூச்சல் கேட்டு, போனை அலமாரியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தபோது அவனை மேலே எடுத்துப் போட்டிருந்தார்கள். யாரோ முகத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கண் திறந்தே இருந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில் மாப் அலசிக்கொண்டிருந்தவள் மரியா ஒருத்திதான். அவள் போனில் எடுத்த நாற்பது விநாடி வீடியோ சாயங்காலத்துக்குள் கோலார் தங்க வயல் முழுக்கப் பரவியிருந்தது. அதில், "கேஸ் அடிக்குது சார்" என்று முனியப்பன் சொல்வதும், "ரெண்டே நிமிஷம், இறங்குப்பா" என்று நரேஷ் சொல்வதும் நன்றாகக் கேட்டது. இடுப்பில் கயிறுகூட இல்லாமல் அவன் மூடியைத் தாண்டிக் காலை உள்ளே விடுவதோடு வீடியோ முடிந்தது. முனியப்பன் குடித்துவிட்டுத் தானாகவே இறங்கினான் என்று மதியம் சொன்ன கம்பெனிக்காரர்கள் ராத்திரிக்குள் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் பெண்டாட்டி யசோதா போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக ஆபீஸில் சங்கமித்ராவைக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது ராஜம் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டின் மேலிருந்து காற்று வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்ததால் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தது. மித்ரா பையை இறக்கிவைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு காயை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

"எத்தினி பேருக்கும்மா போட்டுக் குடுத்த?"

ராஜத்தின் கை நின்றது. "இன்னாடி?"

"செவ்வாக்கிழம பதினோரு மணிக்கு நான் லேப்ல இருந்தேன். ரிஜிஸ்டர்ல கையெழுத்து கீது. அதே நேரத்துல என் ஐடி லைப்ரரிக்குப் பின்னாலயும் ஓடிகினு இருந்துச்சாம். அங்கிருந்து பெருசா ஒரு வீடியோ போயிருக்குது. ஒரே ஆளு எப்டி ரெண்டு இடத்துல இருப்பேன்னு கேட்டாங்க. மொத்தம் ஏழு போனாம். லிஸ்ட் காட்டினாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னேன். லாகினை நிறுத்திட்டாங்க. பேப்பர் படிக்க முடியல, புராஜெக்ட் ஏத்த முடியல. திங்கக்கிழமைக்குள்ள அந்தப் போன் யாருதுன்னு எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா ஹால்டிக்கெட் இல்ல. இந்த வருஷம் போச்சுன்னு வெச்சுக்கோன்னாரு அந்த ஆபீஸரு."

கட்டிலில் சம்பங்கி மூக்குக்குழாயைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கித்தான் அவரால் பேச முடியும்.

"அந்தப் போனு... யாருது?"

"மரியாக்காவுது," என்றாள் ராஜம்.

"அப்ப சொல்லிடு."

"நைனா!" மித்ரா திரும்பினாள். "அவங்க தப்பு எதுவும் பண்ணல. அந்த வீடியோ இல்லன்னா முனியப்பன் மாமா குடிச்சிட்டு உழுந்தாருன்னு மூடிருப்பாங்க. பேரு தெரிஞ்சா மறுநாளே அவங்கள வேலைய விட்டு எடுத்துருவாங்க. நரேஷ் அவங்கள சும்மா உடுவானா? நீங்களே இப்பிடிச் சொல்றீங்களே. யூனியன்ல இருந்தவரு."

"இருந்ததாலதாம்மா சொல்றேன்." இருமல் வந்தது. ராஜம் எழுந்து முதுகைத் தடவினாள். அது அடங்க வெகுநேரம் ஆனது. "தொண்ணூத்தி ஆறுல... எங்க லெவல்ல பாறை வெடிச்சி ரெண்டு பேரு போய்ட்டாங்க. முட்டுக் கட்டாம உள்ள அனுப்பினது யாருன்னு... எங்க எல்லாருக்கும் தெரியும். விசாரணைல கேட்டாங்க. நான் அங்க இருந்தவன். வாய மூடிகினு இருந்தேன். ஒருத்தரையும் காட்டிக் குடுக்கலன்னு... நாலு பேரு தோள்ல தட்டுனாங்க. இன்னா வந்துச்சு? செத்தவன் கவனமில்லாம செத்தான்னு எழுதிட்டாங்க. பாத்தவன்தான் சொல்லணும். மரியா பாத்தவ. அவ பேரு வெளிய வரட்டும். அது முனியப்பனுக்கும் நல்லது... உனுக்கும் நல்லது."

"அதை அவங்களா வந்து சொல்லணும் நைனா. நாம சொல்லக் கூடாது."

ராஜம் களி கிண்டினாள். அவரைக்கொட்டைக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டது. மூன்று பேரும் அதைச் சொல்லாமலே சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மரியா வீடு திரும்புகிற நேரம் பார்த்து ராஜம் அவள் வாசலில் காத்திருந்தாள். ராஜத்தைக் கண்டதுமே மரியாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுக்கவில்லை.

"எதுக்கு எடுத்தேன்னு எனுக்கே தெரியல ராஜம். கை தானா எடுத்துச்சு. நம்ம லைன் வீட்டு வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேன். இப்பிடி ஊரு பூரா போவும்னு நெனைக்கல."

"நீ நல்லதுதான் பண்ண மரியாக்கா. நீ எடுத்தேன்னு நீயே வந்து சொல்லிட்டா போதும். யசோதாவுக்கும் ஒரு சாட்சி ஆச்சு. மித்ராவும் தப்பிச்சுக்குவா."

"சொல்லிட்டு?"

ராஜம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிட்டு எங்க போவேன்? நரேஷ் எல்லாத்தையும் கூப்புட்டு வெச்சுச் சொன்னான், நீயும்தான் இருந்த. எவ எடுத்தாளோ அவ பெங்களூர்ல எந்த கம்பெனியிலயும் தொடப்பம் புடிக்க முடியாதுன்னான். குவைத்துல என் பொண்ணு பாஸ்போர்ட்ட அவங்க வாங்கி வெச்சிகினு கீறாங்க. அவள மீட்டுகினு வர வரைக்கும் எனுக்கு வேல வேணும். போலீசு, கோர்ட்டுன்னு அலைய எனுக்கு யாரு கீறாங்க?" மரியா குரலைத் தாழ்த்தினாள். "போன்ல இருந்தத அழிச்சிட்டேன். போனையும் வித்துட்டேன். என் பேரு வேணாம் ராஜம். உன் கால்ல உழறேன்."

உண்மையாகவே குனிந்தாள். ராஜம் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தன்னைவிட ஐந்து வயது மூத்தவள். கையில் அவள் எலும்புதான் தட்டுப்பட்டது.

"சரி உடு. உன் பேரச் சொல்லல."

அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்பி நடக்கும்போதுதான் அதற்கு என்ன விலை என்று யோசித்தாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவும் வந்திருந்தது. அதை அவள் புருஷனிடமும் மகளிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ராஜம் சீருடையோடு ஆபீஸுக்குப் போனாள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கன்னடத்தில் பேசினார். ராஜத்துக்குக் கன்னடம் நன்றாக வரும்.

"சங்கமித்ரா என் பொண்ணு சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அவளுக்குத் தெரியாம நம்பர் போட்டுக்கிட்டேன். அந்த வீடியோவும் நான்தான் எடுத்தேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "போனைக் குடும்மா."

கொடுத்தாள். அவர் அதில் எதையோ தேடி, ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலோடு வைத்துப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"நோடம்மா, இங்க பாரு, உன் போன் அன்னைக்கு எங்கே இருந்ததுன்னு இதுல எழுதியிருக்கு. ஒன்பதரையில இருந்து பன்னிரண்டு வரைக்கும் மூணாவது மாடியில இருக்கு. வீடியோ போனது பின்பக்கத்துல இருந்து, வேற போன்ல."

மாட்டிக்கொண்டேன் என்று ராஜம் நினைத்தாள். இன்னொரு பொய்யைத் தேடினாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோடோ போனில் பேசுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. சாந்தமாக, கிட்டத்தட்ட அன்பாக இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரிம்மா. நீ சொன்னபடியே எழுதிக் குடு. வீடியோ எடுத்ததும் நான்தான், அனுப்பினதும் நான்தான்னு. தமிழ்லயே எழுது, பரவாயில்ல. உன் பொண்ணு விஷயத்தை இதோட முடிச்சுடறோம்."

மூன்றாவது மாடியைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. ராஜத்துக்கு அது புதிராக இருந்தது. ஆனாலும் மித்ராவின் பெயர் அதிலிருந்து கழன்றுகொண்ட நிம்மதியில் அவள் எழுதினாள். ஆறாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி நான்கு வரி எழுதக் கால் மணி நேரம் ஆனது. கீழே கையெழுத்துப் போட்டாள். அன்று மதியமே கான்ட்ராக்ட் கம்பெனி அவளிடமிருந்து சீருடையையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டது. மித்ராவுக்கு ஹால்டிக்கெட் வந்தது.

வேலை போன பிறகு ராஜம் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு துணிக்கடையில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். மதியத்தில் வீட்டுக்கு வந்து போக முடிந்தது. அம்மா என்ன எழுதிக் கொடுத்தாள் என்பது மித்ராவுக்குத் தெரிந்தபோது போனிலேயே அழுதாள். "உன் வேல போச்சேம்மா" என்றாள். அவ்வளவுதான் அதன் விலை என்று இருவருமே நினைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் யசோதா வந்தாள். ராஜம் சம்பங்கிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். யசோதா உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனியப்பன் போன பிறகு பாதியாக இளைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி நீ அங்க இருந்தியா?"

ராஜம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வக்கீல் ரெண்டு காயிதத்த காட்னாரு. ஒண்ணு நீ எழுதுனது. வீடியோ நான் எடுத்தேன்னு உன் கையெழுத்தோட. இன்னொண்ணு ஏதோ கம்ப்யூட்டர்ல எடுத்த கணக்காம். அந்த நேரத்துல உன் போனு மூணாவது மாடியில இருந்துச்சாம். கம்பெனி வக்கீல் ரெண்டையும் ஒண்ணா வெச்சிட்டான். எடுத்தேன்னு சொல்றவ அந்த இடத்துலயே இல்ல, அப்ப வீடியோவே செட்டப்பு, குரலக் கூட யாரோ சேத்திருக்காங்கன்னு சொல்றான். அவரு குடிச்சிட்டு எறங்குனாருன்னு மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க அக்கா."

அந்த ஆபீஸர் உள்ளறையிலிருந்து சாந்தமாகத் திரும்பி வந்த முகம் ராஜத்தின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொய் என்று தெரிந்தேதான் தாளை நகர்த்தியிருக்கிறார்.

"இல்ல யசோதா," என்றாள். "நான் அங்க இல்ல."

யசோதா கண்ணை மூடித் திறந்தாள். "யாரு எடுத்ததுன்னு நான் கேக்கல. எனுக்குத் தெரியாமலும் இல்ல. அவங்க வர மாட்டாங்க. நீ வந்து, இத நான் எடுக்கல, என் பொண்ண காப்பாத்தறதுக்காக எழுதுனேன்னு வெசாரணை அதிகாரி முன்னால சொல்லு. அந்தக் காயிதம் செத்துடும். அது செத்தா வீடியோ நிக்கும்னு வக்கீல் சொல்றாரு."

"எப்போ?"

"வர்ற புதன்கெழம. பெங்களூர்ல."

"மித்ராவுக்கு வெள்ளிக்கெழம பரீட்சை ஆரம்பம்," என்றாள் ராஜம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. "நான் பொய் எழுதுனேன்னு ஆயிட்டா அவள மறுபடியும் கூப்புடுவாங்க. பரீட்சை முடியட்டும் யசோதா. பதினஞ்சு நாளு. அதுக்கப்புறம் எங்க கூப்ட்டாலும் வரேன்."

"அதுக்கப்புறம் வெசாரணை இல்லக்கா." யசோதா கோபப்படவில்லை. "பரீட்சை எப்போன்னு எனுக்குத் தெரியும். தெரிஞ்சிதான் வந்தேன். வேற யாராண்ட போறதுன்னு தெரியல."

அவள் போய்விட்டாள். ராஜம் கிண்ணத்தை மறுபடி எடுத்தாள். சம்பங்கி கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை.

"நீ மரியா பேரச் சொல்லிருந்தா..." என்றார். மூச்சு வாங்கியது. "அவ அங்க இருந்தவ. இழுத்துகினு போயி கேட்டாலும்... பாத்ததத்தான் சொல்லிருப்பா. நீ நல்லவளா இருக்கப் பாத்த."

"அப்ப இப்ப நான் இன்னா பண்றது? அத சொல்லு."

சம்பங்கி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மித்ரா போன் செய்தாள். முதல் பேப்பருக்கு எல்லாம் படித்துவிட்டதாகவும், பரீட்சை முடிந்ததும் ஒரு வேலைக்கு நேர்காணல் இருப்பதாகவும் சொன்னாள். யசோதா வந்துபோனதை ராஜம் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் "போய்ச் சொல்லும்மா" என்பாள். அது தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

புதன்கிழமை ராஜம் நான்கு மணிக்கே எழுந்தாள். சோறு வடித்து, சம்பங்கிக்கு மாத்திரை எடுத்துவைத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். எங்கே என்று சம்பங்கி கேட்கவில்லை.

பனியில் பிளாட்பாரத்து விளக்குகள் மங்கலாக எரிந்தன. ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். மரியாவும் நின்றாள். ராஜத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பெட்டியை நோக்கி நடந்துபோனாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு யசோதா நடுப்பெட்டியில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் வெளியே ராஜம் நிற்பதைப் பார்த்தாள்.

அவள் கூப்பிடவில்லை. கையும் காட்டவில்லை. பக்கத்தில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

ராஜம் வாசற்படிக் கம்பியைப் பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். பின்னால் வந்த ஆள், "ஏறும்மா, இல்லன்னா வழி உடு" என்றான். வழி விட்டாள். இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். விசில் கேட்டது. ரயில் அசைந்தது. கம்பியை விடாமல் கூடவே நான்கு எட்டு நடந்தாள். ஐந்தாவது எட்டில் கை தானாக விட்டுவிட்டது.

ஜன்னல் அவளைத் தாண்டிப் போனபோது யசோதா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த பையை அவள் இன்னும் பக்கத்தில் இறக்கி வைக்கவில்லை.